கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்: பசைக்கு மட்டும் ஒரு ஸ்டார்

ஐந்து ரூபாய் நாணயம் அளவில், தங்க நிறத்தில் ஒரு வட்டம். போனின் முதுகில் ஒட்டினால் 99 சதவீதக் கதிர்வீச்சைத் தடுக்குமாம். மூன்று ஸ்டிக்கர் 299 ரூபாய். வாங்கியவர் என் மாமியார். "நாள் பூரா கதிருக்குள்ளேயே நிக்கிற, உனக்கும் ஒண்ணு கெடக்கட்டும்மா" என்று என் போனிலும் ஒட்டிவிட்டார்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் பேட்ஜை அனுப்பி, எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறேன் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஐந்தாண்டு சராசரி வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது.

சரி, சோதித்துவிடலாம் என்று அத்தை போனிலிருந்து எனக்கு அடித்தேன். உடனே மணி அடித்தது. சிக்னலில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. போன் பேசுவதே அந்த அலையில்தான். 99 சதவீதம் தடுத்தால் கோடாவது இறங்க வேண்டாமா? நிஜமாகவே தடுத்தாலும் வம்புதான். டவரைப் பிடிக்க போன் இன்னும் பலமாக அலையை அனுப்பும்.

போன் அலைக்கு அதிகபட்சம் லேசாகச் சூடாக்கத்தான் தெரியும். எக்ஸ்ரே அப்படியில்லை, அணுவிலிருந்து எலக்ட்ரானையே தட்டிவிடும். உடம்புச் செல்லுக்குள் இரண்டு இழையாக இருக்கும் டிஎன்ஏ நூலை நேராகவும் அறுக்கும். உடம்பிலுள்ள தண்ணீரை உடைத்து, அந்தச் சில்லுகளாலும் அறுக்கும். ஓர் இழை அறுந்தால் செல் எதிர் இழையைப் பார்த்துத் தைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் தையல் கோணலாகலாம். அது பல வருடம் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். ஒரேயடியாகப் பெரிய அளவு பட்டால் எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், முடிவேர் என ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள்தான் முதலில் சாகும். மூத்தவனைச் சுமந்தபோது என்னை எக்ஸ்ரே அறையிலிருந்து ரெஜிஸ்டர் மேஜைக்கு மாற்றியதும் இதனால்தான். வயிற்றுக்குள் அத்தனையும் பிரியும் செல்.

அதற்காக ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்குப் பயப்படாதீர்கள். அது சுமார் 0.1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 சும்மாவே கிடைக்கிறது.

அட்டையின் பின்பக்கம் கழுத்தில் போடும் 'எனர்ஜி டாலர்' விளம்பரம், 799 ரூபாய். அத்தைக்கு அதன்மேல் ஒரு கண். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிப் பத்துப் பொருட்களைப் போடாதீர்கள் என்று எச்சரித்தது. 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்ற டாலர்கள், பிள்ளைகளின் கைவளை எல்லாமே அசல் கதிரியக்கத்தை வெளியிட்டுக்கொண்டிருந்தன! அதைச் சொன்ன பிறகுதான் அத்தை டாலரை விட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பசையைக் குறை சொல்ல முடியாது. நகத்தால் சுரண்டியும் பாதி ஸ்டிக்கர் இன்னும் என் போனில்தான் இருக்கிறது.