கீழ்ப்பாக்கம் குடல்நோய் கிளினிக்: பித்தநாளத் தசைக்கு மாத்திரையோடு பதினான்கு மாதங்கள்

கீழ்ப்பாக்கத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய வீடொன்றின் தரைத்தளத்தில் நடைபெறும் இரைப்பை குடல் நோய் கிளினிக்கில் பதினான்கு மாதங்களாகச் சிகிச்சை பெற்றுவருகிறேன். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், வரவேற்பு மேசையில் ஒரு பெண்மணி. அவ்வளவுதான் அந்த இடம். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் கிளினிக்கின் பெயரையும் இங்கே தரவில்லை. பெயரில்லாத மதிப்புரையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. நான் மதிப்பிட விரும்புவது கட்டடத்தையும் நாற்காலிகளையும் அல்ல, பித்தநாளத்தின் வாயிலில் உள்ள தசை சரியாக இயங்காதபோது அதை வெட்டாமல் மருந்தால் சமாளிக்கும் சிகிச்சை அங்கே எப்படி நடத்தப்பட்டது என்பதை. இதே வலியோடு இந்நகரில் ஸ்கேன் உறைகளைச் சுமந்து அலைகிறவர்களுக்கு அது உதவக்கூடும்.

2019-இல் பித்தப்பைக் கற்களுக்காக லேப்ராஸ்கோபி முறையில் என் பித்தப்பை அகற்றப்பட்டது. மூன்று ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு, பித்தப்பை இருந்த காலத்தில் வந்த அதே வலி, வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுப்பக்கம் தோள்பட்டை வரை ஏறும் வலி, பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு மேல் என்னை எழுப்பத் தொடங்கியது. சிறிது நேரத்தில் உச்சத்தை எட்டி, அங்கேயே ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். எழுந்து நடந்தாலும் குறையாது. கழிப்பறைக்குப் போய் வந்தாலும் குறையாது. வாய்வுத் தொல்லை என்று எண்ணி மாமியார் ஓமத் தண்ணீரும் பெருங்காயம் கரைத்த மோரும் கொடுத்துப் பார்த்தார். இல்லாத பித்தப்பை எப்படி வலிக்கும் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் அல்ட்ராசவுண்ட், எண்டோஸ்கோபி, பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் மூன்றும் எடுத்தார்கள். கல் எதுவும் மிச்சமில்லை. பித்தநாளத்தின் அகலம் 7 மில்லிமீட்டர், விரிவு இல்லை; கல்லீரல் நொதிகள் இயல்பான அளவில் இருந்தன. ‘சுருக்குத்தசை இறுகியிருக்கலாம், இ.ஆர்.சி.பி. செய்து சிறிய வெட்டு ஒன்று போட்டுவிடலாம், ஒரே நாள் அட்மிஷன்’ என்று பத்து நிமிடத்தில் முடிவு சொல்லி, அடுத்த வாரத்துக்குத் தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். இ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பித்தநாளத்தின் வாயிலை அடையும் முறை. அந்த வெட்டினால் என்ன நேரக்கூடும் என்று கேட்டபோது கிடைத்த விடை, ஒப்புதல் படிவத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது என்பதுதான். படிவத்தில் கணைய அழற்சி, இரத்தப்போக்கு, குடலில் துளை என்று வரிசையாக எழுதியிருந்தது. வெட்டுக்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடு என்று பெரியம்மா மகன் பிடிவாதமாகச் சொன்னதால்தான் அசோக் நகரில் மெட்ரோ ஏறிக் கீழ்ப்பாக்கத்தில் இறங்கினேன்.

கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளமும் கணையத்திலிருந்து வரும் நாளமும் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில் மோதிரம் போன்ற ஒரு தசை இருக்கிறது. உணவு வரும்போது தளர்ந்து பித்தநீரை விடுவதும், மற்ற நேரங்களில் இறுகிக் காப்பதும் அதன் வேலை. 1887-இல் ருக்கெரோ ஓடி என்ற இத்தாலியர், மாணவராக இருந்தபோதே இதை விரிவாக ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயராலேயே ஓடி சுருக்குத்தசை என்று அழைக்கிறார்கள். பெயர் ஓடி, ஆனால் என் உடம்பில் அது பித்தத்தை ஓட விடாமல் பிடித்துக்கொண்டது. பித்தப்பை இருந்தவரை, தசை இறுகும்போது தேங்கும் பித்தநீருக்குப் போய் நிற்க ஒரு பை இருந்தது என்றும், அது போன பிறகு அழுத்தம் முழுவதும் நாளத்தின்மீதே விழுகிறது என்றும், அதனால் வலி உண்டாகலாம் என்றும் மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். அதுவரை யாரும் சொல்லாததைச் சொல்ல அவருக்கு நான்கு கோடுகள் போதுமாக இருந்தன.

முதல் சந்திப்பு ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் நீடித்தது. இந்தக் கிளினிக்குக்கு நான் தரும் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஐம்பது நிமிடங்களுக்கே உரியது. வலி எத்தனை நிமிடம் நிற்கிறது, தினமும் வருகிறதா, வேலையை நிறுத்தும் அளவுக்கா, படுக்கும் நிலையை மாற்றினால் மாறுகிறதா, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உலகெங்கும் இவ்வகை நோய்களுக்குப் பயன்படுத்தும் ரோம் வரையறையின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு இவற்றைத்தான் கேட்கச் சொல்கிறது என்பதைப் பிறகு படித்து அறிந்தேன். அதன்பின் நான் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமீது வைக்கச் சொன்னார். குளிர்காலத்தில் நான் வழக்கமாகக் குடிக்கும் இருமல் மருந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர், அதிலிருந்த கோடீனைச் சுட்டிக்காட்டினார். அபின் வகையைச் சேர்ந்த மருந்துகள் இந்தத் தசையை மேலும் இறுக்கக்கூடியவை. பித்தப்பை அகற்றப்பட்டவர்களுக்குக் கோடீன் இத்தகைய வலியைக் கிளப்புவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. முந்தைய டிசம்பர் சீசனில் சபா கேன்டீன் நெய்ப்பொங்கல்தான் என்னைப் படுத்தியது என்று இரண்டு மாதம் பொங்கலைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுவதும் இருமல் மருந்தும் குடித்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொங்கலை முழுவதுமாக விடுதலை செய்யவில்லை. கொழுப்பு மிகுந்த உணவும் வலியைத் தூண்டக்கூடும்.

வெட்டு ஏன் உடனடியாக வேண்டாம் என்பதை அவர் விளக்கிய விதம் குறிப்பிடத்தக்கது. பழைய வகைப்பாட்டில் இந்நோய் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது: வலியோடு நொதி உயர்வும் நாள விரிவும் சேர்ந்திருந்தால் முதல் வகை, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் இரண்டாம் வகை, வலி மட்டும் என்றால் மூன்றாம் வகை. அன்றைய என் அறிக்கைகளின்படி நான் மூன்றாம் வகை. அந்த வகையினர் 214 பேரை அமெரிக்காவின் ஏழு மருத்துவ மையங்களில் சேர்த்து, ஒரு சாராருக்கு உண்மையான வெட்டும் மறு சாராருக்கு வெட்டுப் போட்டதுபோன்ற பாவனையும் செய்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2014-இல் வெளியானது. வெட்டு போடப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினர் தேறினார்கள். பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 37 விழுக்காட்டினர் தேறினார்கள். வெட்டியவர்களைவிட வெட்டாதவர்கள் நன்றாக இருந்தார்கள் என்பதோடு, இரு சாராரிலும் பத்தில் ஒருவருக்கு மேல் கணைய அழற்சியும் வந்தது. அந்த ஆய்வுக்குப் பிறகு ரோம் வரையறை மூன்றாம் வகை என்ற பெயரையே நீக்கிவிட்டது. நாளம் விரியாத, நொதி உயராத பெண்களுக்கு இ.ஆர்.சி.பி.க்குப் பின் கணைய அழற்சி வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பெரிய மருத்துவமனையில் எனக்குக் குறிக்கப்பட்ட தேதிக்கு அப்போது நான்கு நாட்கள் இருந்தன. வெளியே வந்ததும் தொலைபேசியில் ரத்து செய்தேன்.

ஆனால் அவர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு அத்தோடு விடவில்லை. தேதி போடாத இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் மூன்றைக் கையொப்பமிட்டுக் கொடுத்து, வலி வந்த அன்றே வீட்டருகில் உள்ள எந்த லேபிலும் நொதிகளைப் பார்க்கும்படியும், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கும்படியும் சொன்னார். வலியின்போது மட்டும் உயர்ந்து பிறகு தானே இறங்கும் நொதிகள், வலி இல்லாத நாளில் எடுக்கும் சோதனையில் தெரியவே தெரியாது. முதல் முறை இயல்பாக இருந்தது. இரண்டாம் முறை மேற்கு மாம்பலத்தில் காலை ஆறரை மணிக்கு லேப் திறக்கும் வரை வாசலில் நின்று கொடுத்த இரத்தத்தில், நொதிகள் இயல்பளவைப் போல் இரண்டு மடங்கு இருந்தன. எட்டு நாளில் இறங்கிவிட்டன. இதனால் நான் இரண்டாம் வகைக்கு நகர்ந்தேன். அந்த 2014 ஆய்வு இரண்டாம் வகையினரைப் பற்றியது அல்ல என்றும், அவர்களில் சிலருக்கு வெட்டு பயன்படலாம் என்றும், எனவே அந்தக் கதவு மூடப்படவில்லை என்றும், மருந்து தோற்றால்தான் அதைத் திறக்க வேண்டும் என்றும் அவரே எடுத்துச் சொன்னார். தமக்குச் சாதகமான ஆய்வின் எல்லையைத் தாமே சொல்லும் மருத்துவரை நான் அதிகம் கண்டதில்லை. எண்டோஸ்கோபி வழியே குழாய் செலுத்தித் தசையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை ஒன்றும் உண்டு. அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்துக்கு மேலிருந்தால் கோளாறு என்று கொள்வார்கள். அந்தச் சோதனையே கணையத்தைப் புண்படுத்தக்கூடும் என்பதால் எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்.

இனி மருந்துகள். முதலில் தந்தது நிஃபெடிபின், மெதுவாகக் கரையும் வகை. இது இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. உள்ளுறுப்புகளில் தானாக இயங்கும் மென்தசைகளைத் தளர்த்தும் இயல்பு இதற்கு உள்ளதால் இந்தச் சுருக்குத்தசைக்கும் பயன்படுத்துகிறார்கள். 1992-இல் காஷ்மீர மருத்துவர்கள் இருபத்தெட்டு நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பெரும்பாலானோருக்குப் பலன் கண்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு என்பது சிறிய எண்ணிக்கை. இந்த நோய்க்கான மருந்தாய்வுகள் பலவும் இப்படிச் சிறியவையே. எனக்கு முதல் மூன்று வாரம் மாலைதோறும் தலைவலி, முகத்தில் சூடு, கணுக்காலில் வீக்கம் எல்லாம் வந்தன. கொலுசு இறுகியது. மருந்துக்கடைக்காரர், உங்களுக்கு பி.பி.யா அம்மா என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார். தலைச்சுற்றல் வராதபடி வாரம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் மாதம் அளவைக் குறைத்த பிறகு வீக்கம் வடிந்தது, தலைவலியும் போயிற்று.

நான்காம் மாதத்தில் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் சேர்க்கப்பட்டது. இது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை ஆயிற்றே என்று கணவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த இந்த அளவில், வயிற்றிலிருந்து மூளைக்கு வலியை எடுத்துச் செல்லும் நரம்புகளின் கூருணர்வை அது தணிக்கிறது என்றும், என் வலியில் தசையின் பங்கு எவ்வளவு, நரம்பின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் மருத்துவர் அவருக்கும் பொறுமையாக விளக்கினார். வாய் வறண்டது, காலையில் எழுந்திருக்கவே மனம் வராது. இரவு எட்டு மணிக்கே போட்டுக்கொள்ளத் தொடங்கியதும் காலை மந்தம் குறைந்தது. இவை தவிர, வலி வரும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்ள, தசைப்பிடிப்பைத் தளர்த்தும் ஹையோசின் மாத்திரை தந்தார். அது எனக்கு ஒருமுறைகூடப் பயன்பட்டதாகச் சொல்ல முடியாது.

பலன் என்னவென்றால், சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களில் என் நாட்குறிப்பில் பதினொரு வலிகள் இருந்தன. கடந்த மூன்று மாதங்களில் இரண்டு. இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டன. அவசரப் பிரிவுக்குப் போகவில்லை. இதை முழுவதும் மருந்தின் சாதனை என்று எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. வெறும் பாவனைச் சிகிச்சையிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தேறிய நோய் இது. கோடீனை நிறுத்தியதும், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்ததும், என் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டதும் எத்தனை பங்கு வகித்தன என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் மாத்திரை ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம். தசையை வெட்டிய பிறகு அதை யாரும் திரும்ப ஒட்டித் தர மாட்டார்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. முன்பதிவு ஆறு மணி என்றால் ஏழரைக்குத்தான் உள்ளே அழைப்பார்கள். முதல் முறை வரும் நோயாளிக்கு ஐம்பது நிமிடம் கொடுக்கும் மருத்துவரிடம் இது எதிர்பார்க்கக்கூடியதே என்றாலும், காத்திருப்போருக்கு எட்டு நாற்காலிகளும் ஒரே மின்விசிறியும் மே மாதத்தில் போதவில்லை. மருந்துச் சீட்டில் ‘மெதுவாகக் கரையும் வகை’ என்பதைக் குறிக்கும் எழுத்து படிக்கும்படி இல்லாததால், ஒரு மாதம் கடைக்காரர் உடனே கரையும் நிஃபெடிபினைக் கொடுத்துவிட்டார். அன்று மாலை அலுவலகத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். சீட்டைத் தட்டச்சு செய்து தாருங்கள் என்று நான் கேட்ட பிறகு வரவேற்பு மேசைப் பெண்மணி இப்போது எல்லோருக்கும் அச்சிட்டுத் தருகிறார். வலி வந்தால் இரவில் அழைக்க எண் கிடையாது. அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள், போகும்போது அபின் வகையான மார்ஃபின் வேண்டாம் என்று எழுதிய இந்த அட்டையைக் காட்டுங்கள் என்பதுதான் ஏற்பாடு. அட்டை நல்ல யோசனைதான்; இரவில் ஒரு குரல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். இந்தக் காரணங்களுக்காக ஐந்துக்கு நான்கு மட்டும் தருகிறேன்.

கண் மஞ்சளாகிறவர்களும், வலியோடு குளிர்காய்ச்சல் வருகிறவர்களும், நாளம் விரிந்து நொதியும் உயர்ந்திருப்பவர்களும் என் அனுபவத்தைப் படித்து மாத்திரையில் காலம் கடத்தக் கூடாது. முதல் வகையினருக்குத் தசை பெரும்பாலும் தழும்பேறிச் சுருங்கியிருப்பதால் வெட்டுதான் உரிய வழி என்றும், அவர்களை முதல் நாளே இ.ஆர்.சி.பி.க்கு அனுப்பிவிடுவதாகவும் மருத்துவரே சொன்னார். காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரம்பூர்ப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் கடிதத்தோடு வெளியே வந்தார்.

நிஃபெடிபின் இப்போது பாதி அளவில் ஓடுகிறது. அடுத்த சந்திப்பு ஆடி மாதத்தில். அதற்குள் வலி வராவிட்டால் அதை நிறுத்திவிட்டு அமிட்ரிப்டிலினை மட்டும் மூன்று மாதம் தொடர்ந்து பார்ப்பதாகத் திட்டம். கையொப்பமிட்ட பரிசோதனைச் சீட்டு இன்னும் ஒன்று, தேதி போடாமல், கைப்பையில் இருக்கிறது.