கவனம் கேட்டுக் குரைக்கும் சின்ன இன நாய்: எந்த முறை எங்கே எடுபடும்?

இரவு எட்டு மணி. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நாற்காலிக்குப் பக்கத்தில் பொமரேனியன் வந்து நிற்கும். முகத்தையே பார்த்து ஒரு குரைப்பு, ஓரிரு நொடி அமைதி, மறுபடி ஒரு குரைப்பு. அந்த அமைதியில் அது பதிலுக்குக் காத்திருக்கிறது. கேட்டு வாங்கும் குரைப்புக்கு இதுதான் அடையாளம். வாசலைப் பார்த்து விடாமல் குரைத்தால் அது எச்சரிக்கை. ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் குரைத்து ஊளையிட்டால் தனிமைப் பயம்; அந்த நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பயம்தான் கூடும். வயதான நாய் திடீரென்று குரைக்க ஆரம்பித்தால், பயிற்சிக்கு முன்னால் காது, பல், மூட்டு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இந்தச் சாப்பாட்டு மேசையையே வைத்து, வழக்கத்தில் இருக்கும் ஐந்து முறைகளையும் பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் சொல்வது, கண்டுகொள்ளாதீர்கள் என்பது. அடிப்படை சரிதான். குரைத்ததால் ஏதோ கிடைத்திருக்கிறது, அதனால்தான் குரைக்கிறது. கிடைத்தது பிஸ்கட்டாகவே இருக்க வேண்டியதில்லை. 'சும்மா இரு' என்று அதட்டுவதும், திரும்பிப் பார்ப்பதும்கூட அதற்குக் கூலிதான். கூலியை நிறுத்தினால் பழக்கம் தேயும். ஆனால் தேய்வதற்கு முன் ஏறும். குரல் உயரும், முன்காலால் பிறாண்டும், வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கும். பெரும்பாலான வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். பொறுக்க முடியாமல் ஒரு துண்டு இட்லியைப் போட்டுவிட்டால், 'இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும்' என்று நாமே கற்றுக்கொடுத்தாகிவிட்டது. பத்தில் ஒரு முறை கிடைத்தாலும் போதும், அந்தப் பழக்கம் எப்போதும் கிடைப்பதைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சுவருக்குச் சுவர் ஒட்டிய ஃபிளாட்டில், தாத்தா மேசைக்கு அடியில் கை நீட்டும் வீட்டில், இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் இது சொல்கிறது. என்ன செய்தால் கிடைக்கும் என்பது நாய்க்குத் தெரியாமலே இருந்துவிடுகிறது.

அடுத்தது, குரைத்த நொடியே எழுந்து அறையை விட்டுப் போய்விடுவது. 10 முதல் 20 நொடி போதும். உள்ளே இரண்டு மூன்று நொடி அமைதி வந்ததும் திரும்பலாம். மடியில் தூக்கச் சொல்லி, பந்து எறியச் சொல்லிக் குரைக்கும் நாய்க்கு இது நன்றாகவே எடுபடும், ஏனென்றால் அது கேட்பதே உங்களைத்தான். சாப்பாட்டு நேரத்துக்கு உதவாது. தட்டு மேசையில் இருக்கிறது, மற்றவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். சின்ன நாய்களில் இன்னொரு சிக்கல்: கைக்கு அடக்கமாக இருப்பதால் அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுகிறோம். தூக்கியதே அதற்குப் பரிசு. போவது நீங்களாக இருக்க வேண்டும். நீங்கள் நகர்ந்ததும் மூச்சிரைத்துக் கதவைப் பிறாண்டும் நாயிடம் இந்த முறையே வேண்டாம்.

மூன்றாவது, 'அமைதி' என்ற சொல்லைப் பழக்குவது: குரைப்பு நின்றதும் சொல்லைச் சொல்லி ஒரு துண்டு தின்பண்டம் கொடுப்பது. காலிங் பெல்லுக்குக் குரைக்கும் நாய்க்கு அருமையான முறை. கேட்டு வாங்கும் நாயிடம் மட்டும் இது திசை மாறிவிடும். குரை, நிறுத்து, வாங்கு என்று மூன்றையும் ஒரே கோவையாகப் படித்துக்கொண்டு, துண்டு வேண்டும்போதெல்லாம் முதல் படியிலிருந்து ஆரம்பிக்கும். நாய் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது, வரிசை அமைத்ததுதான் பிழை.

கழுத்தில் மாட்டும் குரைப்புத் தடுப்பு பெல்ட் நான்காவது. மின் அதிர்ச்சி, எலுமிச்சை மணமுள்ள பீய்ச்சல், காதைக் குடையும் ஒலி என்று பல வகை. வேண்டவே வேண்டாம். அதிர்ச்சி விழும் நொடியில் நாய் எதைப் பார்க்கிறதோ அதன்மேல் பயம் ஒட்டும். அது உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். பக்கத்தில் வேறு நாய் குரைத்தாலும் சில பெல்ட்டுகள் இயங்கிவிடும். பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளரும் கோளாறு வர வாய்ப்பு அதிகம், அந்தக் கழுத்தில் கனமான பெட்டியை இறுக்கிக் கட்டுவதே தவறு. வேல்ஸ் நாட்டில் மின் அதிர்ச்சி பெல்ட்டை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது மிதியடிப் பயிற்சி: நாம் சாப்பிடும்போது தரையில் விரித்த மிதியடியில் அமைதியாகப் படுத்திருக்க நாயைப் பழக்குவது. சாப்பாட்டு மேசைக்கு இதற்கு இணையாக எதுவும் இல்லை.

அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி ஒன்று வாங்குங்கள். டைல்ஸ் தரையில் துணி வழுக்கும், வழுக்கும் இடத்தில் நாய் படுக்காது. 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி தேவை, அதில் பத்தில் ஒரு பங்குதான் தின்பண்டம். தோல் நீக்கி, உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 20 கிராம் அந்த அளவுக்குச் சரியாக வரும். பட்டாணி அளவில் பிய்த்தால் ஏறக்குறைய 40 துண்டு.

முதல் சில நாள் மேசைப் பக்கமே போக வேண்டாம். மிதியடியில் ஒரு கால் வைத்தாலும் உடனே, ஒரு நொடிக்குள், துண்டை அதன் முன்கால்களுக்கு நடுவில் வையுங்கள். கையிலிருந்து ஊட்டினால் நாய் கையைத் தேடி எழுந்து வரும். பத்துத் துண்டு, இரண்டு நிமிடம், அத்தோடு நிறுத்துங்கள். தானாகப் படுக்க ஆரம்பித்ததும் இடைவெளியை 1, 3, 5, 8 நொடி என்று கூட்டுங்கள். நடுநடுவே 2 நொடிக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் வர வரக் கஷ்டம் என்று சலித்துவிடும். பிறகு நீங்கள் காலி மேசையில் உட்காருங்கள். அடுத்து காலித் தட்டு, பிறகு மாலைக் காபி, கடைசியில்தான் இரவுச் சாப்பாடு.

முதல் நிஜச் சாப்பாட்டில் 10 நொடிக்கு ஒரு துண்டு போகும், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். போகப் போக அரை நிமிடம், ஒரு நிமிடம். எழுந்து வந்து இரண்டு முறை குரைத்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம், பாதியாக்குங்கள். குரைத்த குரைப்புக்கு மட்டும் முழு மௌனம். கண்டுகொள்ளாமல் விடும் முறை பலன் தருவது இங்கேதான், ஏனென்றால் நாய்க்கு இப்போது வேறு வழி தெரியும்.

கெடுவது இரண்டு இடத்தில். குரைத்த பிறகு 'மிதியடிக்குப் போ' என்றால் பழைய 'குரை, நிறுத்து, வாங்கு' வரிசைதான் திரும்பும். தட்டு வருவதற்கு முன்பே மிதியடி விரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் தட்டிலிருந்து கொடுப்பது. துண்டுகள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். கை நீட்டாமல் இருக்க முடியாத பெரியவர் யாரோ, அந்தக் கிண்ணத்தை அவரிடமே கொடுத்து, படுத்திருக்கும்போது மட்டும் மிதியடிமேல் போடச் சொல்லுங்கள்.