ஆட்டோசிஸ்: ஓடுகிற ஜாப்பில் கை வைக்கும்போது

ஒன்பது வருஷமாக ராத்திரி ஷிஃப்டில் ஆட்டோசிஸ் பார்க்கிறேன். குறித்த நேரத்தில், குறித்த வரிசையில் சர்வர்களில் வேலைகளை ஓட்டும் மென்பொருள் அது. அப்படி ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். சோழிங்கநல்லூரில் அலுவலகம், லண்டனில் வாடிக்கையாளர். தினமும் நாலாயிரம் ஜாப் ஓடும். அதில் பெரும்பாலானவை யார் கையும் படாமல் தானாக ஓடி முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் பத்துப் பதினைந்துக்காகத்தான் எனக்குச் சம்பளம். ஜாப் எழுதுவது எப்படி, காலண்டர் போடுவது எப்படி என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஓடுகிற, நிற்கிற, தொங்குகிற ஜாப்பை நடுராத்திரியில் கையால் கட்டுப்படுத்த ஆட்டோசிஸ் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மென்பொருள் பழையது. பிளாட்டினம் டெக்னாலஜியிடம் இருந்தது. 1999-ல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கியது. 2018-ல் அதையும் பிராட்காம் வாங்கிவிட்டது. கை மாறினாலும் கட்டளைகள் மாறவில்லை. நான் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட, உத்தரவு அனுப்பும் சென்ட்இவென்டும் நிலை காட்டும் ஆட்டோரெப்பும்தான் இன்றைக்கும் என் விரலில் இருக்கின்றன. இதை நான் பெரிய வரமாக நினைக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆளுக்கு மெனு இடம் மாறிப்போவதைப் போல் ஆபத்து வேறில்லை.

ஆட்டோசிஸில் எல்லாமே இவென்ட். ஹோல்ட் போடு என்று நீங்கள் சொன்னால் அது டேட்டாபேஸில் ஒரு வரியாக விழும். ஷெட்யூலர் அதை எடுத்துப் படித்துச் செயல்படுத்தும். ஜாப்பை உண்மையில் ஓட்டுவது அந்தந்த சர்வரில் இருக்கும் ஏஜென்ட். இந்த மூன்றும் தனித்தனி என்பது மனசில் பதிந்துவிட்டால் பாதி விபத்து குறையும். அது எனக்குப் பதிய ஒரு மார்ச் மாதக் கடைசி தேவைப்பட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹோல்டும் ஐஸும். புதிதாக வரும் எல்லாருமே தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டுமே ஜாப்பை ஓடவிடாது என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஹோல்ட் போட்டால் அந்த ஜாப் நிற்கும், அதற்குப் பின்னால் காத்திருக்கும் டவுன்ஸ்ட்ரீமும் நிற்கும். ஐஸ் போட்டால் அந்த ஜாப் சங்கிலியிலேயே இல்லை என்று கணக்கு. அதை நம்பிக் காத்திருந்த ஜாப்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டதாக எடுத்துக்கொண்டு ஓடிவிடும்.

போன வருஷம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் ஒன்றே முக்கால் மணிக்கு என் இருக்கைக்கு வந்து நின்றான்.

"அக்கா, ரிப்போர்ட் ஜாப்பை ஐஸ்ல இருந்து எடுத்து முக்கால் மணி நேரம் ஆச்சு. இன்னும் ஓடல. அதுக்கு முன்னாடி ஓடவேண்டிய அப்ஸ்ட்ரீம் எல்லாம் சக்சஸ்ல இருக்கு."

"ஐஸ் எடுக்குறதுக்கு முன்னாடியே அப்ஸ்ட்ரீம் முடிஞ்சிடுச்சா?"

"ஆமாக்கா, பன்னண்டு அம்பத்தஞ்சுக்கு."

"அப்ப அது இன்னைக்கு ஓடாதுப்பா."

ஹோல்டை எடுத்தால், நிபந்தனைகள் ஏற்கனவே நிறைவேறியிருந்தால் ஜாப் உடனே கிளம்பும். ஐஸை எடுத்தால் கிளம்பாது. நிபந்தனை அடுத்த தடவை புதிதாக நிறைவேறும் வரை, அதாவது எங்கள் விஷயத்தில் மறுநாள் ராத்திரி வரை, சும்மா இருக்கும். ஃபோர்ஸ் ஸ்டார்ட் கொடுத்து ஓட்டினோம். ஆனால் உண்மையான சேதம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பும் ஜாப், முன்னால் இருப்பது ஐஸில் இருக்கிறது என்பதால், பன்னிரண்டரைக்கே ஓடி முந்தின நாள் ஃபைலை அனுப்பிவிட்டிருந்தது. சாயங்கால ஷிஃப்டில் ஐஸ் போடச் சொல்லி டிக்கெட்டில் எழுதியவருக்குத் தேவைப்பட்டது ஹோல்ட். ஒரே எழுத்து வித்தியாசம்: ஆட்டோரெப்பில் ஓ.எச். (ஆன் ஹோல்ட்) என்று வரவேண்டியது ஓ.ஐ. (ஆன் ஐஸ்) என்று வந்திருந்தது.

மூன்றாவதாக நோஎக்ஸெக் என்று ஒன்று உண்டு. பலருக்குத் தெரிவதில்லை. ஜாப் தன் நேரத்துக்கும் நிபந்தனைக்கும் ஒழுங்காகக் காத்திருக்கும். முறை வந்ததும் கட்டளையை ஓட்டாமலேயே சக்சஸ் என்று முடித்துக்கொள்ளும். "இன்றைக்கு இந்த ஸ்டெப்பை மட்டும் தாண்டிப் போகணும், வரிசை கெடக்கூடாது" என்று கேட்கிறவர்களுக்கு ஐஸை விட இதுதான் சரியான விடை. முன்பெல்லாம் ஐஸ் போட்ட இடங்களில் பாதியை நான் இப்போது இதற்கு மாற்றிவிட்டேன்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்புக்கு ஹோல்டும் வேலை செய்யாது, ஐஸும் செய்யாது. பிரிட்ஜ் காலில், அதாவது பிரச்சினை வந்தால் எல்லாரும் சேரும் கூட்டு போன் அழைப்பில், இருக்கும் மேலாளர்கள் "அதை ஹோல்ட் பண்ணுங்க" என்று சொல்லும்போது அவர்கள் மனசில் இருப்பது பாட்டை பாஸ் பண்ணுவது மாதிரி ஒன்று. அப்படி ஒரு பொத்தான் அங்கே கிடையாது. ஓடுவதை ஓட விடலாம், அல்லது கில் பண்ணலாம். இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்வதும் நம் வேலைதான்.

கில்ஜாப் யூனிக்ஸ் சர்வரில் இயல்பாக என்ன செய்கிறது என்றால், முதலில் நிறுத்து என்று கேட்கும் 2-ஆம் சிக்னலை அனுப்பும், சில விநாடி விட்டு, மறுக்க முடியாத 9-ஐ அனுப்பும். முதல் சிக்னலைப் பிடித்துக்கொண்டு தற்காலிக ஃபைலைத் துடைத்துவிட்டுப் போகும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அழகாக முடியும். எழுதாவிட்டால் பாதிச் சோறு இலையில் கிடக்க எழுந்து போன மாதிரிதான். வேறு சிக்னல் வேண்டுமானால் கட்டளையிலேயே சொல்லலாம். ஆட்டோரெப்பில் டி.ஈ. (டெர்மினேட்டட்) என்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கவே கூடாது. சர்வருக்குள் போய், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பி.எஸ். கட்டளையைப் போட்டு அந்த ப்ராசஸ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஒரு ஆரக்கிள் டேட்டாபேஸ் செஷனைத் திறந்து பெரிய அப்டேட் ஓட்டிக்கொண்டிருந்தால், இங்கே கொன்ற பிறகும் அங்கே ரோல்பேக், அதாவது பாதியில் நின்ற மாற்றங்களைத் திரும்ப எடுப்பது, ஓடிக்கொண்டிருக்கும். அது முடியாமல் மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் புது ஜாப் போய், பழையது டேட்டாவில் போட்டுவைத்திருக்கும் பூட்டில் (லாக்) மாட்டும். டேட்டாபேஸைப் பராமரிக்கும் டி.பி.ஏ.வை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் நான் மறுபடி ஓட்டுவேன். ஒருவரும் என்னைத் திட்டியதில்லை.

பல ஜாப்களைச் சேர்த்து வைக்கும் பாக்ஸைக் கில் பண்ணுவது தனிக் கதை. பாக்ஸ் டெர்மினேட்டட் ஆகும், அதற்குள் இனிமேல் புது ஜாப் கிளம்பாது. ஆனால் உள்ளே ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாக்ஸ் போனால் தானும் போகணும் என்று ஜாப்பின் வரையறையில் எழுதியிருந்தால் மட்டும்தான் அவையும் சாகும். அதே மாதிரி, பாக்ஸுக்குள் ஒரே ஒரு ஜாப்பை ஹோல்டில் போட்டுவிட்டு மறந்து வீட்டுக்குப் போனால் பாக்ஸ் விடிய விடிய ரன்னிங்கிலேயே இருக்கும். ஹேண்டோவர் எழுதும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இப்போது அந்த மார்ச் மாதக் கடைசி. சேஞ்ச் ஸ்டேட்டஸ் என்று ஒரு இவென்ட் இருக்கிறது. எந்த ஜாப்பையும் சக்சஸ், ஃபெயிலியர், இன்ஆக்டிவ் என்று எப்படி வேண்டுமானாலும் மார்க் பண்ணலாம். ஏஜென்டோடு தொடர்பு அறுந்து, வேலை முடிந்த பிறகும் ரன்னிங் என்று காட்டிக்கொண்டிருக்கும் ஜாப்பை ஒழுங்குபடுத்த இது கட்டாயம் வேண்டும். அன்றைக்கு நிலைமை அது இல்லை. பொதுப் பேரேட்டுக்கான ஃபைலை எழுதும் ஜாப் வழக்கமாக 35 நிமிஷம். அன்று ஒரு மணி ஐம்பது நிமிஷம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் காலில் பத்துப் பேர். "ஃபைல் வந்துடுச்சே, சக்சஸ் மார்க் பண்ணிட்டு நகருங்க" என்றார்கள். நான் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்.எஸ். கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஃபைல் இருந்தது. மார்க் பண்ணினேன்.

ஃபைல் இருந்தது, ஆனால் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நான் மாற்றியது டேட்டாபேஸில் ஒரு வரியை. சர்வரில் ப்ராசஸ் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. அடுத்த விநாடியே லோட் ஜாப் கிளம்பி, பாதி ஃபைலை எடுத்து ஏற்றியது. பதினோரு லட்சம் வரி வரவேண்டிய இடத்தில் ஆறு லட்சம். காலை ஆறு இருபதுக்கு சரிபார்ப்பு ஜாப் விழுந்தபோதுதான் தெரிந்தது. டேபிளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றி, பத்தரைக்குப் போகவேண்டிய ரிப்போர்ட் பன்னிரண்டே காலுக்குப் போனது. யார் சொன்னாலும் கட்டளையை அடித்தது என் கை. அன்றிலிருந்து எல்.எஸ்.ஸை இரண்டு தடவை போடுகிறேன், நடுவில் ஒரு நிமிஷம் விட்டு. ஃபைலின் அளவு ஒரே எண்ணாக நின்றால்தான் அடுத்த பேச்சு.

ஆட்டோசிஸ் அந்த ராத்திரி தப்பு செய்யவில்லை. சொன்னதைச் செய்தது. ப்ராசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது, நிஜமாகவே மார்க் பண்ணவா என்று கட்டளை வரியில் அது கேட்காது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் டீமில் இப்போது சேஞ்ச் ஸ்டேட்டஸ் அடிப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்து, ஜாப் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஃபோர்ஸ் ஸ்டார்ட் பற்றியும் இதே அக்கறையோடு சொல்ல வேண்டும். நேரம், நிபந்தனை எதையும் பார்க்காமல் ஜாப்பைக் கிளப்பும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்புக்குக் கொடுத்தால் இரண்டாவது பிரதி ஒன்று கிளம்பும் அபாயம் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் பின்விளைவு. நேற்றைய ஜாப்பை மறுபடி ஓட்டி அது சக்சஸ் ஆனால், அந்த சக்சஸைப் பார்த்து டவுன்ஸ்ட்ரீம் எல்லாம் மறுபடி கிளம்பும். ஒரு ஜாப் இரண்டு ஜாப்களின் சக்சஸுக்குக் காத்திருக்கிறது என்று வையுங்கள். இன்று ஒன்றுதான் முடிந்தது. மற்றொன்று நேற்று முடிந்ததோடு சரி. ஆட்டோசிஸ் கடைசியாகத் தெரிந்த நிலையைத்தான் பார்க்கும். நேற்றைய சக்சஸும் சக்சஸ்தான் என்று அது கிளம்பிவிடும், லுக்பேக் என்ற கால வரம்பை நிபந்தனையில் எழுதாவிட்டால். அதனால் எதையும் மறுபடி ஓட்டும் முன் ஜாப்டிபென்ட்ஸ் கட்டளையைப் போட்டு, பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, முதல் வரிசையை ஹோல்டில் போட்டுவிடுகிறேன். ஐஸ் இல்லை, ஹோல்ட். காரணம் மேலே சொன்னதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் நினைவாற்றல். ஆட்டோரெப்பில் விவரமாகக் கேட்டால் ஜாப் எப்போது கிளம்பியது, எந்த இவென்ட் எப்போது வந்தது, எப்போது அது செயல்படுத்தப்பட்டது என்று வரிவரியாகச் சொல்லும். ஷெட்யூலரின் பதிவேட்டையும் (லாக்) ஆட்டோசிஸ்லாக் கட்டளை போட்டு ஓடஓடப் பார்க்கலாம். கட்டளையை இப்போதே அனுப்பாமல் பின்னால் ஒரு நேரத்துக்குக் குறித்து வைக்கலாம். அந்த நேரம் வருவதற்குள் வேண்டாம் என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை பேட்ச் வேலைக்கு முன்னால் ஹோல்ட்களை எல்லாம் இப்படி முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போயிருக்கிறேன். கட்டளையோடு காரணத்தையும் ஒரு குறிப்பாக எழுதி அனுப்ப வழி இருக்கிறது. கட்டாயம் இல்லை என்பதுதான் குறை. குறிப்பு இல்லாத ஹோல்டைப் பார்த்து, "இதை யார் போட்டது, எடுக்கலாமா" என்று விடிகாலையில் மூன்று பேருக்கு போன் போட்டவர்களுக்கு என் வருத்தம் புரியும்.

இதற்கு முன் இரண்டு வருஷம், இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான பி.எம்.சி. நிறுவனத்தின் கன்ட்ரோல்-எம் பார்த்தேன். கையால் கட்டுப்படுத்துவதில் புது ஆளுக்கு அது சுலபம். ஒவ்வொரு நாளுக்கும் ஜாப்களைத் தனியாகத் தருவித்து வைத்துக்கொள்வதால் நேற்றையது நேற்றாகவும் இன்றையது இன்றாகவும் நிற்கும். நேற்றைய சக்சஸ் இன்றைக்கு வந்து குழப்புவது குறைவு. ஹோல்ட், ஃப்ரீ, ரீரன், செட் டு ஓகே எல்லாம் படத்தின் மேலேயே வலது கிளிக்கில் வரும். ஆட்டோசிஸிலும் டபிள்யூ.சி.சி. என்ற இணையத் திரை இருக்கிறது, கண்காணிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நூறு ஜாப்பை ஒரே மூச்சில் ஹோல்ட் போட வேண்டிய ராத்திரியில், பெயர்களை ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு, ஒரு லூப் எழுதி, ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த உறுதி எனக்குக் கட்டளை வரியில்தான் கிடைக்கிறது.

பெரிய எண்ணிக்கையில் ஜாப் ஓடும் இடத்துக்கு, அனுபவமுள்ள ஷிஃப்ட் ஆட்கள் இருந்தால், தயங்காமல் ஆட்டோசிஸைச் சொல்வேன். ஆட்கள் அடிக்கடி மாறும் டீம் என்றால் வரும் முதல் வாரத்தை முழுக்க ஹோல்ட், ஐஸ், நோஎக்ஸெக் மூன்றுக்கும் ஒதுக்கிவிடுங்கள், டெஸ்ட் சர்வரில், மூன்று ஜாப் கொண்ட சின்னச் சங்கிலி ஒன்றை வைத்து. நடு ஜாப்பை மாற்றி மாற்றி மூன்று நிலையிலும் போடச் சொல்லி, மூன்றாவது ஜாப் என்ன செய்யும் என்று முதலில் காகிதத்தில் எழுத வைத்து, பிறகு ஓட்டிக் காட்டுங்கள். அந்தத் தம்பி இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறான்.