ஏஐ படச் செயலி: கும்பகோணம் பேனர் கடையில் இரண்டு வருஷம்

கும்பகோணத்தில் எனக்கு டிசைனிங் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ்தான் சோறு போடுகிறது. மாதச் சந்தா கட்டி ஏஐ படச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுகுத்துக் குழந்தையின் சுருட்டை முடியைப் பென் டூலில் வெட்ட அரை மணி நேரம் போகும். இப்போது ஒரு க்ளிக். தலைக்கு மேல் இடமில்லாத போட்டோவில் வானத்தை அதுவே நீட்டிக் கொடுக்கிறது. இதற்காக மட்டுமே சந்தா கட்டலாம்.

சாமி படம்தான் வம்பு. திருவாதிரை நோட்டீஸுக்கு நடராஜர் கேட்டேன். ஜொலிஜொலிக்க வந்தது. கடைக்கு வந்திருந்த, சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மதுரைக்கா நோட்டீஸ்?" என்றார். அப்புறம்தான் கவனித்தேன், வலது கால் மேலே இருக்கிறது. கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில். நம் பக்கம் தூக்கிய திருவடி இடதுதான். சரி, படத்தை அப்படியே திருப்பிவிடலாம் என்றால் உடுக்கை இடக்கைக்கும் நெருப்பு வலக்கைக்கும் போய்விட்டது! திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்றில் கை ஐந்து, இன்னொன்றில் காலடியில் கிடக்கிற முயலகனையே காணோம். தென்னை ஓலையை மடித்து அளவு வைத்துக்கொண்டு மெழுகில் கை வைக்கிறவர் பக்கத்தில் நிற்க, எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் பட்டறை நடராஜரையே போனில் எடுத்துப் போட்டேன்.

தமிழ் எழுத்து ஆரம்பத்தில் வெறும் கோழிக்கிறுக்கல். 2025இல் நிறையத் தேறியிருக்கிறது. ஆனாலும் கொம்பு எப்போது இடம் மாறும் என்று சொல்ல முடியாது. எழுத்தை இன்னும் பாமினி ஃபாண்டில் நானே அடிக்கிறேன்.

கூலிதான் இறங்கிவிட்டது. "கம்ப்யூட்டரே போட்டுடுது, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்கிறார்கள். என் மாமா போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷை மூட்டை கட்டினார். அன்றைக்கு நான் அவர் பக்கம் நின்று யோசிக்கவில்லை.

போன ஐப்பசியில் திருவையாறு பக்கத்திலிருந்து ஒருவர், அம்மாவின் பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும் என்று வந்தார். கையில் இருந்தது பழைய ரேஷன் கார்டு போட்டோ, கட்டைவிரல் அகலம். செயலியில் கொடுத்தேன். தோல் வழுவழுப்பாகி, வரிசையாகப் பல் தெரியச் சிரிக்கிற ஓர் அம்மாள் வந்தார். நானே அசந்துபோனேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி, தம்பி. முன்பல்லு கெடையாது."

பழைய போட்டோவையே ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அதைத்தான் லேமினேஷன் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.