பழைய சோறா, கேப்பைக் கூழா?

வெயில் ஏறினால் எங்கள் வீட்டில் இன்றும் இந்தக் கேள்வி வரும்.

செலவு: பழையதுக்குத் தனிச் செலவில்லை, ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. கூழுக்கு மாவும் நொய்யும் வேண்டும். ஆனால் ஆள் கூடினால் மோர் விட்டுக் கரைத்து நீட்டலாம். அம்மா அப்படித்தான் ஏழு வயிற்றை நிரப்பினாள்.

மெனக்கெடல்: கூழுக்கு முந்தின நாளே மாவு கரைத்துப் புளிக்கவிட்டு, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். பழையதைப் பிசையக் கை போதும்.

தொட்டுக்க: இரண்டுக்கும் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பழையதுக்குச் சுண்டக் குழம்பு கிடைத்தால் சண்டைதான். சட்டி வழிக்கும் உரிமை கடைக்குட்டிக்கு!

சத்து: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்.

அவசரமாக ஓடுபவருக்குப் பழையது. மதியம்வரை பசி தாங்க வேண்டியவருக்குக் கூழ். பாசுமதியில் மட்டும் பழையது போடாதீர்கள், புழுங்கலரிசிதான் சரி.