துருவேறிய கோடாலி: வினிகரா, மின்பகுப்பா?

பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய இரண்டு கோடாலித் தலைகள். ஒன்றை வினிகரில் போட்டேன், மற்றதை மின்பகுப்புக்கு, அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் முறைக்கு, வைத்தேன்.

வினிகருக்கு ஒரு வாளியும் பொறுமையும் போதும். ஓர் இரவு ஊறவிட்டுக் கம்பி பிரஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வருகிறது. ஆனால் அமிலத்துக்குத் துரு வேறு, இரும்பு வேறு என்ற பேதமில்லை. மறந்து நாள்கணக்கில் விட்டால் பட்டறை முத்திரையையும் அரித்துவிடும். எடுத்ததும் சமையல் சோடாக் கரைசலில் அலசித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும்; தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி செம்மை படரும். ஒரு லாபம் உண்டு. மெல்லிரும்பு உடலில் எஃகு வாய் வைத்து அடித்த கொல்லர் வேலையாக இருந்தால், எஃகுப் பகுதி கருத்து, இணைப்புக் கோடு தெரியும். என் கோடாலியில் அது சற்றுக் கோணலாக ஓடியது. அதற்காகவே அதை விற்க மனம் வரவில்லை.

மின்பகுப்புக்குச் சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்று. சார்ஜரின் எதிர்மின் முனையில் (−) கோடாலியையும், நேர்மின் முனையில் (+) இரும்புத் துண்டையும் இணைக்க வேண்டும். மாற்றினால் கோடாலிதான் கரையும். எவர்சில்வர் துண்டு கூடாது, நச்சுக் குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மொட்டைமாடிதான் சரியான இடம். நல்ல இரும்பு அரிபடாது என்பதால் முத்திரையுள்ள பொருளுக்கு இதையே தேர்ந்தெடுப்பேன்.

மரக்காம்பைக் கழற்றாமல் இரண்டையும் முயல வேண்டாம்.