மராக்கேஷா, ஃபெஸ்ஸா: ஜோடியாகப் போக எது?

மொரோக்கோவில் இரண்டு மூன்று நாள்தான் என்றால், நான் ஃபெஸ் பக்கம்.

மராக்கேஷில் ஜெமா எல்ஃப்னா சதுக்கம் இருட்டியதும் களைகட்டும். கறி வாட்டும் புகை, மேளச் சத்தம், நெரிசல். முதல் நாள் பிரமிப்பாக இருக்கும். அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவே கத்த வேண்டும். மஜோரெல் தோட்டம் போவதானால் ஆன்லைனில் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ஃபெஸ்ஸின் பழைய நகருக்குள் காரே கிடையாது. சுமையோடு கழுதை வந்தால் "பலாக்!" என்று குரல் கேட்கும்; சுவரோரம் ஒட்டி நின்று வழிவிட வேண்டியதுதான். சுவாராவில் தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கப் போனால், நாற்றம் தாங்கப் புதினாக் கொத்து தருவார்கள். மாலையில் பழைய மெரினிட் அரச வம்சத்தின் கல்லறைகள் உள்ள குன்றேறினால் மொத்த ஊரும் கீழே விரியும். இருவராக உட்கார அதைவிட நல்ல இடம் மராக்கேஷில் இல்லை.

தங்குவதற்கு இரண்டிலும் ரியாத்தான் சரி, நடுமுற்றம் வைத்த பழைய வீடு. ஜூலை, ஆகஸ்ட் தகிக்கும், ஏப்ரலில் போங்கள்.